ஆங்கிலேயர் வேறு, ஆங்கிலம் வேறு: கண்டி கண்ட ஒரு நட்பு

கண்டி ஹல்லொலுவ வீதியில் ஒராபி பாஷா வாழ்ந்த இல்லம் இருக்கின்றது. 1983இல் அது அவர் பெயரால் ஒரு கலாசார நிலையமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகள் வந்து படங்களைப் பார்த்துச் செல்கிறார்கள். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு நாடுகடத்தப்பட்ட வீரர் என்ற அளவில் அவரை நாம் அறிவோம். அப்படிப்பட்டவர், நமது பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று பாடுபட்டவர்களோடு கைகோத்தது எப்படி? இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஆங்கிலக் கல்வியின் வாசல் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தது. பாடசாலைக்குப் போனால் பிள்ளையின் ஈமான் பறிபோகும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. குர்ஆன் மத்ரஸாவும் அரபுத்தமிழும் போதும் என்று ஒதுங்கினர். விளைவு, வியாபாரத்தில் கெட்டிக்காரர்களாக இருந்த ஒரு சமூகம் நீதிமன்றத்திலும் அரச காரியாலயத்திலும் பிறர் வாயால் பேச வேண்டியதாயிற்று.

இந்த நிலையைக் கண்டியிலிருந்து கண்டு வேதனையுற்றவர் அறிஞர் சித்தி லெப்பை (1838-1898). அரபும் தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர். சட்டத்தரணியாகத் தொழில் புரிந்ததால், ஆங்கிலம் தெரியாதவன் நீதிமன்றப் படியில் படும் பாட்டை அன்றாடம் கண்டவர். 1882இன் இறுதியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டெம்பரில்தான் தெல்-அல்-கபீர் போரில் ஒராபியின் படை ஆங்கிலேயரிடம் தோற்றிருந்தது. 1883 ஜனவரியில் ஒராபியும் அவரது ஆறு தோழர்களும் கொழும்பில் வந்து இறங்கினர்.

இங்கே ஒரு செய்தி நோக்கத்தக்கது. ஒராபியைத் தோற்கடித்தவர்கள் ஆங்கிலேயர்; அவருடைய உயிரைக் காக்க முன்னின்றவர்களிலும் ஆங்கிலேயர் இருந்தனர். கவிஞர் வில்பிரட் பிளண்ட் தன் பணத்தைச் செலவிட்டு அவருக்காக வழக்கறிஞரை அமர்த்தினார். மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு பிளண்ட் இந்தியா செல்லும் வழியில் இலங்கையில் இறங்கித் தம் நண்பரைக் கண்டார். இலங்கையின் முன்னாள் ஆளுநர் வில்லியம் கிரகரியும் ஒராபிக்குப் பரிந்து பேசியவர். அவரது மனைவி, பின்னாளில் அயர்லாந்து இலக்கியத்தில் புகழ்பெற்ற லேடி கிரகரி, ஒராபியின் குடும்பத்தைப் பற்றி 1882இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். பீரங்கியும் ஆங்கிலேயருடையது, அதை எதிர்த்து எழுதிய பேனாவும் ஆங்கிலேயருடையது. இரண்டையும் ஒருசேர அனுபவித்தவர் ஒராபி.

நாடுகடத்தப்பட்டோரில் ஒருவர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி. 1882இல் எகிப்தின் பிரதமராக இருந்தவர்; நவீன அரபுக் கவிதையின் முன்னோடி. அவரும் கண்டியில் வாழ்ந்தார். தம்மை நாட்டை விட்டுத் துரத்தியவர்களின் மொழியை இலங்கையிலிருந்தே கற்றுக்கொண்டார். பகைவனின் மொழி என்று அதை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை.

ஒராபி 1892இல் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டு கொழும்பு மருதானையில் பின்னாளில் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா தோன்றியது. சித்தி லெப்பை, ஒராபி பாஷா, வாப்பிச்சி மரிக்கார் ஆகிய மூவரின் பெயரும் அதனோடு இணைந்தவை. கிரகரி ஆளுநராக இருந்தபோது கட்டுவித்து 1877இல் திறந்துவைத்த கொழும்பு நூதனசாலையைக் கட்டி முடித்தவரும் இதே வாப்பிச்சி மரிக்கார்தான். மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பதைச் சாஹிரா செயலில் காட்டிற்று. இதற்கு ஓராண்டு முன்னரே, 1891இல், சித்தி லெப்பை கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கித் தம் சகோதரியை அதன் பொறுப்பில் அமர்த்தியிருந்தார். ஆண்பிள்ளைகளையே அனுப்பத் தயங்கிய காலத்தில் இது எத்தகைய துணிவு என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று அது. கண்டியில் பிறந்தவர் எழுதிய கதையில் கண்டி இல்லையே என்று குறைப்படுவோர் உண்டு. கதை கெய்ரோவுக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிறது. ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்துவிட்டது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்து கொழும்பும் எகிப்தும் ஒரே கடற்பாதையில் அமைந்துவிட்டன. முன்பு ஹஜ்ஜுக்கும் வியாபாரத்துக்கும் மட்டுமே கடல் கடந்த வாசகனை, உலகத்தைப் பார்ப்பதற்காகவும் கடல் கடக்கலாம் என்று அந்நாவல் அழைத்துச் சென்றது. ஆங்கில நாவலின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, முஸ்லிம் ஒருவனைக் கதாநாயகனாக்கி, அதைத் தமிழில் தந்தார்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் நமக்குரிய பாடம் இருப்பதாக நான் கருதுகின்றேன். ஆங்கிலத்தை நேசித்த அம்மனிதர் பத்திரிகை நடத்தியது தமிழில். நாவல் எழுதியது தமிழில். 'அஸ்றாறுல் ஆலம்' என்ற ஞான நூலை எழுதியதும் தமிழில். ஆங்கிலம் அவருக்கு வெளியே பார்க்கும் சாளரம். குடியிருந்த வீடு தமிழ். இன்று கண்டி நகரில் ஆங்கில வழிப் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. நம் பிள்ளைகள் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் அவர்களில் எத்தனை பேரால் 'அசன்பே சரித்திர'த்தின் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்க முடியும்? அன்று ஆங்கிலத்துக்கு அஞ்சினோம். இன்று தமிழை மறக்கிறோம். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

ஒராபி 1901இல் நாடு திரும்பினார். பாரூதி அதற்கு முன்பே போய்விட்டார். மஹ்மூத் பஹ்மீயும் யாகூப் சாமீயும் தாயகத்தைக் காணாமலே கண்டியில் மௌத்தானார்கள். ஹல்லொலுவ வீதி இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் எகிப்தின் போரை மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். கண்டியில் அவர் பெற்ற நண்பரைப் பற்றியும், அந்நண்பர் எந்த மொழியில் எழுதினார் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.