சட்டி மேளம் ஏறிய மேடை: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முன்வரலாறும் பயணமும்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கோட்டு சூட்டு அணிந்த 19 பேர் மேடையேறினார்கள். ராக், ராப், கானா மூன்றும் கலந்த அந்தக் குழுவுக்கு ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்று பெயர். 2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இதை உருவாக்கின. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சொல்லாடலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. தமிழில் புதிதாக முளைத்த ராக் குழு என்று இதைப் பார்ப்பவர்கள் கதையை 2017இல் தொடங்கிவிடுகிறார்கள். வேர் அதற்கு அறுபது ஆண்டுகள் முன்னால் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஆர்மோனியத்தோடு மேடை மேடையாகப் பாடினார். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அரசியல் சொற்களை ஏற்றுவது அவர் உத்தி. தோட்டத் தொழிலாளர் கூட்டத்தை நிற்கவைக்க அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அந்தக் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்த தம்பிதான் இளையராஜா.

அடுத்த கண்ணி கே. ஏ. குணசேகரன் (1955–2016). சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த ஆய்வாளர், பாடகர், ‘வடு’ தன்வரலாற்றின் ஆசிரியர். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டை ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகக் கொண்டுபோனவர் அவர்தான். பாவலர் காலத்தில் வர்க்கம் பேசிய மேடை, குணசேகரன் குரலில் சாதியை நேருக்கு நேர் பேசத் தொடங்கியது.

அந்தக் குரலுக்கு மேடை போட்டுக் கொடுத்ததில் திருவண்ணாமலைக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் ‘கலை இரவு’ பல ஊர்களில் நடந்தது. ஆனால் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஊர்களில் இதுவும் ஒன்று. எழுத்தாளர் பவா செல்லதுரையும் நண்பர்களும் முன்னின்று நடத்திய இந்த இரவுகளில் நாட்டுப்புறப் பாடல், வீதி நாடகம், பறையாட்டம், சிறப்புரை எல்லாம் விடிய விடிய நடந்தன. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற கூட்டத்தைப் பார்த்த ஊருக்குக் கண்விழிப்பது ஒன்றும் புதிதல்ல. அதைப் பயன்படுத்திக்கொண்ட அமைப்பாளர்கள் சாமர்த்தியசாலிகள். ஆனால் கலை இரவுக்கு ஓர் எல்லை இருந்தது. பாடகருக்குப் பின்னால் நின்ற வாத்தியக்காரர் பின்னாலேயே நின்றார். பாட்டின் கருத்துதான் பேசப்பட்டது, அடி பேசப்படவில்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாற்றியது இதைத்தான். வடசென்னை சாவு வீட்டில் பிணம் எடுக்கும்போது அடிக்கிற சட்டியும் கட்ட மோளமும் டிரம்ஸ், பேஸ் கிடாருக்குப் பக்கத்தில் வந்து நின்றன. வெறும் அலங்காரத்துக்காக அல்ல. சட்டியை இரண்டு குச்சியால் பொடிப்பொடியாக உருட்டும்போது அதன் கூர்மையான ஓசை, ராக் இசையில் ஸ்நேர் டிரம் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சாவுக் கூத்தின் மும்மூன்றாகத் துள்ளும் நடை ஒருபக்கம். ராப்பின் நாலு நாலான நடை இன்னொருபக்கம். இரண்டும் உரசும் இடத்தில்தான் இந்தக் குழுவின் தனி ஓசை பிறக்கிறது. 1990களில் இசையமைப்பாளர் தேவா, சாவு வீட்டில் பாடப்பட்ட கானாவைத் திரைக்குக் கொண்டுவந்தபோது கேலியும் காதலும் வந்தன, இழவு வீட்டின் கனம் குறைந்துபோனது. இவர்கள் அந்தக் கனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இட ஒதுக்கீட்டை விளக்கும் ‘கோட்டா’ பாட்டு, ‘ஜெய் பீம்’ கீதம், மாட்டுக்கறிப் பாட்டு என்று முதல் தொகுதியே எதையும் மறைக்கவில்லை. அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு எழுதிய வரிகளில் வாதம் இருக்கிறது. கானா ஆண்களின் கோட்டையாக இருந்த நிலையில் இசைவாணியின் குரல் தனியாக ஒலிக்கிறது. சில பாடல்கள் துண்டறிக்கையை மெட்டில் வாசிப்பதுபோல் இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘வடசென்னை’ போல இடத்தையும் மனிதர்களையும் காட்டுகிற பாடல்களே திரும்பக் கேட்கவைக்கின்றன.

உலகில் இதற்கு ஓர் ஒப்புமை தேடினால், அமெரிக்காவைவிட ஸ்காட்லாந்து பொருத்தமாகப் படுகிறது. ஸ்கை தீவில் 1973இல் தொடங்கிய ரன்ரிக் குழு, ஒதுக்கப்பட்ட கேலிக் மொழியை மின்கிடாரோடு பாடியது; 1995இல் அவர்களுடைய ஒரு கேலிக் பாட்டு பிரிட்டனின் முதல் இருபதுக்குள் நுழைந்தது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலில் மேடையேறிய அதே 2018இல் ஸ்டர்லிங் நகரில் விடைபெற்றார்கள். அவர்களுக்கு 45 ஆண்டுகள் கிடைத்தன. நம் குழுவில் இருந்தவர்களோ சில ஆண்டுகளிலேயே தனித்தனிப் பெயர்களாகப் பிரிந்து அறியப்பட்டார்கள்.

காரணம் சண்டை அல்ல, சந்தை. அறிவின் ‘தெருக்குரல்’ 2019இல் வந்தது. 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெங்கும் ஓடியது. அந்த ஆண்டே ஒரு பத்திரிகை அட்டைப்படத்தில் அவர் விடுபட, பாட்டு யாருடையது என்ற சர்ச்சை பொதுவெளிக்கு வந்தது. டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, ‘நட்சத்திரம் நகர்கிறது’ படங்களுக்கு இசையமைத்தார். 2020இல் இசைவாணி பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களின் மாதத்தையே எடுத்துக்கொண்டு, பின்னர் மதுரைக்கும் கோவைக்கும் போனது. 19 பேரால் தாங்க முடியாத பாரத்தை ஒரு விழா தாங்கியது என்றே இதைப் படிக்கிறேன்.

குழுவின் பாட்டு தனிமனிதர் தலையில் விழுவதற்கும் ஒரு சான்று உண்டு. சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிய விவாதத்தை ஒட்டி வந்த ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டுக்கு, ஆண்டுகள் பல கழித்து 2024 நவம்பரில் புகார்கள் எழுந்தன. அவை பெரிதும் குறிவைத்தது பாடிய இசைவாணியை.