ஒரே கணினியில் இரு நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள்

ஒரே கணினியில் இரு நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களை இயக்குதல் என்பது, வெவ்வேறு நிறுவனங்களின் இரு ஆண்டி வைரஸ் மென்பொருள்களை ஓர் இயங்குதளத்தில் நிறுவி, இரண்டின் நிகழ்நேரப் பாதுகாப்பையும் ஒரே வேளையில் இயங்கவிடுவதைக் குறிக்கும். பாதுகாப்பை இரட்டிப்பாக்கும் நோக்கில் வீட்டுக் கணினிப் பயனர்கள் சிலர் இவ்வாறு செய்கின்றனர். ஆனால் நிகழ்நேரத்தில் காவல் செய்யும் இரு மென்பொருள்கள் ஒன்றன் பணியில் மற்றொன்று குறுக்கிடுவதால், கணினியின் வேகமும் நம்பகத்தன்மையும் குறையக்கூடும். சில வேளைகளில் பாதுகாப்பும் குறையக்கூடும். இரண்டாவது மென்பொருளைத் தேவைப்படும்போது மட்டும் வருடல் செய்யப் பயன்படுத்துவது இதிலிருந்து வேறுபட்டது. அது பொதுவாகப் பாதுகாப்பானதும் பயனுள்ளதும் ஆகும்.

பின்னணி

இந்தியாவில் வீட்டுக் கணினிகள் பரவத் தொடங்கிய காலத்தில் நச்சுநிரல்கள் பெரும்பாலும் நெகிழ்வட்டுகள் வழியாகவே பரவின. 1986-இல் பாக்கித்தானின் லாகூர் நகரில் உருவான பிரெயின் நச்சுநிரல், ஐ.பி.எம். வகைத் தனியாள் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரலாகக் கருதப்படுகிறது. இவற்றை எதிர்கொள்ள உள்நாட்டு நிறுவனங்களும் தோன்றின. 1991-இல் சென்னையில் ஜெ. கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். 1990களில் புனே நகரில் கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் சகோதரர்கள் குயிக் ஹீல் மென்பொருளை உருவாக்கினர்.

2000களில் நெகிழ்வட்டின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்தது. சென்னை, புதுச்சேரி போன்ற நகரங்களில் கல்லூரி ஆய்வகம், இணைய மையம், அச்சகம், வீடு என ஒரே பென் டிரைவ் பல கணினிகளில் செருகப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பியின் தானியக்க வசதி (ஆட்டோரன்) இவ்வழியில் பரவும் புழுநிரல்களுக்கு உதவியது. 2008 நவம்பரில் அறியப்பட்ட கான்ஃபிக்கர் புழுநிரலின் பிற்காலப் பதிப்புகளும் பென் டிரைவ் வழியே பரவின. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 இவ்வசதியைப் பென் டிரைவ்களுக்கு முடக்கியது. பழைய பதிப்புகளுக்கான முடக்கம் 2011 பெப்ரவரியில் தானியங்கு இற்றைப்படுத்தலாக வந்தது.

ஒரு மென்பொருள் கண்டுபிடிக்காத நச்சுநிரலை மற்றொன்று கண்டுபிடித்த அனுபவம் அக்காலத்தில் பலருக்கும் ஏற்பட்டது. அதிலிருந்து “இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது” என்ற எண்ணம் வளர்ந்தது. பயனர் அறியாமலேயே இரண்டு மென்பொருள்கள் சேர்ந்துவிடுவதும் உண்டு. புதிய மடிக்கணினியுடன் வரும் சோதனைப் பதிப்பை நீக்காமல், கடையில் வாங்கிய வேறொன்றை நிறுவுவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

நிகழ்நேரப் பாதுகாப்பு செயற்படும் முறை

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுக்குப் பொதுவாக இரண்டு பணிகள் உள்ளன.

வருடல்: பயனர் கட்டளையிடும்போதோ குறித்த நேரத்திலோ வட்டிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சோதித்தல்.

நிகழ்நேரப் பாதுகாப்பு: ஒரு கோப்பு திறக்கப்படும்போது, எழுதப்படும்போது அல்லது இயக்கப்படும்போது இடைமறித்துச் சோதித்தல்.

இரண்டாவது பணிக்காக இம்மென்பொருள் இயங்குதளத்தின் கருனியில் ஒரு வடிப்பி இயக்கியைப் பொருத்துகிறது. ஒரு செயலி கோப்பைத் திறக்கக் கோரும்போது அக்கோரிக்கை நேரடியாக வட்டுக்குச் செல்வதில்லை. வடிப்பி அதனை நிறுத்தி வைத்து, கோப்பைச் சோதித்து, தீங்கில்லை எனில் மட்டும் மேலே செல்ல விடுகிறது. விண்டோசில் வடிப்பிகள் அடுக்குகளாக அமைகின்றன. ஒவ்வொரு வடிப்பிக்கும் “உயரம்” எனப்படும் ஓர் எண் உண்டு. நச்சுநிரல் எதிர்ப்பு வடிப்பிகளுக்கு 3,20,000 முதல் 3,29,999 வரையிலான எண்களை மைக்ரோசாப்ட் ஒதுக்கியுள்ளது. எனவே ஒரே கணினியில் இரு மென்பொருள்கள் இருப்பின், அவை ஒரே குழுவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

முரண்பாடுகள்

இரட்டைச் சோதனை: முதல் மென்பொருள் சோதனைக்காகக் கோப்பைத் திறக்கிறது. இரண்டாவது அதனைப் புதியதோர் அணுகலாகக் கருதித் தானும் சோதிக்கக்கூடும். பயனர் ஒரு முறை திறக்கும் கோப்பு இவ்வாறு பல முறை படிக்கப்படுகிறது. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் திறக்கப்படுவதால், இத்தாமதம் அப்போதே வெளிப்படையாகத் தெரியும். குறைந்த நினைவகமும் பழைய வன்தட்டும் கொண்ட கணினிகளில் இது மிகுதியாக உணரப்படும்.

முட்டுநிலை: முதலாவது இரண்டாவதன் விடைக்காகவும், இரண்டாவது முதலாவதன் விடைக்காகவும் காத்திருந்தால் இரண்டும் நின்றுவிடும். இந்நிலையில் செயலியோ முழுக் கணினியோ உறைந்துபோகும்.

தனிமைப்படுத்தல் போட்டி: ஒரு தீய கோப்பை இரண்டும் ஒரே வேளையில் கண்டறிந்தால், ஒன்று அதனைத் தனிமைப்படுத்த முயலும்போது மற்றொன்று பூட்டி வைத்திருக்கக்கூடும். கோப்பு நீக்கப்பட்டதா என்பது பயனருக்குத் தெளிவாகத் தெரியாது. எச்சரிக்கைகள் மட்டும் மீண்டும் மீண்டும் தோன்றும்.

ஒன்றையொன்று ஐயுறுதல்: நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் கருனியில் நுழைகிறது, பிற செயலிகளைக் கண்காணிக்கிறது, தன்னை எவரும் நிறுத்தாதபடி காத்துக்கொள்கிறது. தீய நிரல்கள் சிலவற்றின் நடத்தையும் இதுவே. மேலும் அதன் நினைவகப் பகுதியில் நச்சுநிரல்களின் அடையாளக் கோவைகள் மறையாக்கமின்றி இருப்பின், மற்றொரு மென்பொருள் அவற்றையே நச்சுநிரல் எனக் கொள்ளக்கூடும்.

கண்டறியும் திறன் இரட்டிப்பாகுமா?

இவ்வினாவுக்கு எளிய கணக்கொன்று விடை தருவதுபோல் தோன்றும். எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு மென்பொருளும் 100 தீய கோப்புகளில் 5-ஐத் தவறவிடுவதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 10,000-இல் 25 மட்டுமே தவறும் எனக் கணக்கிடலாம். ஆனால் ஒன்றன் தவறு மற்றதன் தவறோடு தொடர்பற்றது என்ற எடுகோளின்மீதே இக்கணக்கு நிற்கிறது. நடைமுறையில் அது பொருந்துவதில்லை. முற்றிலும் புதிய ஒரு தீய நிரலை இரண்டும் ஒருசேரத் தவறவிடும் வாய்ப்பு மிகுதி. ஏனெனில் அதனை இதுவரை எவரும் கண்டிருக்கவில்லை.

இரு பெயர்கள் இருந்தும் உள்ளே ஒரே பொறி இயங்குவதும் உண்டு. அவாஸ்ட் நிறுவனம் 2016-இல் ஏவிஜி நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் இரண்டு மென்பொருள்களும் பொதுவான கண்டறியும் பொறியைப் பயன்படுத்தத் தொடங்கின. பிட்டிஃபெண்டர் நிறுவனத்தின் பொறியை வேறு பல நிறுவனங்களும் உரிமம் பெற்றுப் பயன்படுத்துகின்றன. இத்தகைய இரண்டை நிறுவுவது ஒரே மருத்துவரிடம் இரு முறை சென்று கருத்துக் கேட்பதற்கு ஒப்பாகும்.

மறுபுறம், பிழையான எச்சரிக்கைகள் கூடுகின்றன. 3,00,000 கோப்புகள் உள்ள கணினியில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு லட்சத்தில் ஒரு நல்ல கோப்பைத் தவறாகக் குற்றம்சாட்டுவதாகக் கொண்டால், ஒன்றினால் 3 கோப்புகளும் இரண்டினால் 6 கோப்புகள் வரையும் பாதிக்கப்படும். ஒரேயொரு கோப்பும் பெரும் இடரை விளைவிக்கலாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட இற்றைப்படுத்தல், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத அமைப்புக் கோப்பொன்றைத் தவறாக நச்சுநிரல் எனக் கொண்டது. இதனால் உலகெங்கும் பெருந்தொகையான கணினிகள் இயங்க முடியாமற் போயின.

கருனி மட்டத்தில் எழும் இடர்கள்

சாதாரணச் செயலியில் பிழை நேர்ந்தால் அச்செயலி மட்டும் நின்றுவிடும். கருனியில் இயங்கும் இயக்கியில் பிழை நேர்ந்தால் முழுக் கணினியும் நீலத்திரையுடன் நின்றுவிடும். 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த குறைபாடுடைய இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாப்ட் கணித்தது. அன்று இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. இது பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளாயினும், அடிப்படைக் காரணம் வீட்டுக் கணினிக்கும் பொருந்தும். கருனியில் நிறுவப்படும் ஒவ்வொரு காவலரும், பிழை நேரக்கூடிய மற்றுமோர் இடமாவார்.

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளே தாக்குதலுக்கான வழியாகவும் அமையலாம். இந்திய மென்பொருளான ஈஸ்கேனின் இற்றைப்படுத்தல்கள் மறையாக்கம் இல்லாத இணைப்பில் அனுப்பப்பட்டதைத் தாக்குவோர் பயன்படுத்தி, இடைவழியில் அவற்றை மாற்றித் தீய நிரலைச் செலுத்தியதை அவாஸ்ட் ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் வெளியிட்டனர். குப்டிமைனர் எனப் பெயரிடப்பட்ட இத்தாக்குதலுக்கு வழிவிட்ட குறை 2023-இலேயே சரிசெய்யப்பட்டுவிட்டது. இத்தகைய குறைபாடு எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் தோன்றலாம். மென்பொருள்களின் எண்ணிக்கை கூடும்போது, தாக்கப்படக்கூடிய வாயில்களின் எண்ணிக்கையும் கூடுகிறது.

இயங்குதளத்தின் ஏற்பாடு

2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைப் பொதியுடன் பாதுகாப்பு மையம் அறிமுகமானது. கணினியில் எந்த நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் செயலில் உள்ளது என்பதை அது பதிவு செய்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழுமையான நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளாக இயங்குதளத்துடனேயே வழங்கப்படுகிறது. வீட்டுக் கணினியில் வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் முறைப்படி பதிவானவுடன் டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பு தானாகவே விலகிக்கொள்கிறது. அம்மென்பொருள் நீக்கப்பட்டால் டிஃபெண்டர் மீண்டும் செயற்படத் தொடங்குகிறது.

2016-இல் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்ட “வரையறுக்கப்பட்ட காலமுறை வருடல்” வசதி, வேறொரு மென்பொருள் காவலில் இருக்கும்போதே டிஃபெண்டரை அவ்வப்போது வருடல் மட்டும் செய்ய அனுமதிக்கிறது. ஒருவர் காவலிருக்க, மற்றொருவர் இடையிடையே வந்து பார்வையிடும் முறை இது.

இரண்டாம் கருத்துப் பெறும் வழிகள்

காவலில் உள்ள மென்பொருளின்மீது ஐயம் எழுந்தால், இரண்டாவதொன்றை நிரந்தரமாக நிறுவாமலேயே பின்வரும் வழிகளில் சோதிக்கலாம்.

• கேட்கும்போது மட்டும் இயங்கும் வருடிகள்: மைக்ரோசாப்ட் சேஃப்டி ஸ்கேனர் இவ்வகையைச் சேர்ந்தது. பதிவிறக்கிய 10 நாட்களில் அது காலாவதியாகிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் புதிய படியைப் பெறவேண்டும்.

• அரசின் இலவசக் கருவிகள்: இந்தியக் கணினி அவசர நிலை எதிர்வினைக் குழு (செர்ட்-இன்) 2004 முதல் இயங்கி வருகிறது. அது நடத்தும் சைபர் சுவச்சதா கேந்திரா 2017 பெப்ரவரி 21 அன்று தொடங்கப்பட்டது. தொலைவிலிருந்து இயக்கப்படும் பாட் நிரல்களால் பீடிக்கப்பட்ட கணினிகளைக் கண்டறிந்து, இணையச் சேவை நிறுவனங்கள் வழியாக உரியவர்களுக்குத் தெரிவிப்பது இதன் பணி. குயிக் ஹீல், ஈஸ்கேன், கே7 ஆகிய இந்திய நிறுவனங்களின் பாட் நீக்கக் கருவிகள் இதன் வழியே இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளன.

• வைரஸ்டோட்டல்: 2004-இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனமொன்று தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய சேவை. ஒரு கோப்பைப் பதிவேற்றினால் பல நிறுவனங்களின் பொறிகள் அதனைச் சோதிக்கும். பதிவேற்றிய கோப்பைப் பிற ஆய்வாளர்களும் காண முடியும் என்பதால், வங்கி ஆவணம், அடையாள அட்டைப் படி போன்றவற்றை இதில் இடலாகாது.

• மீட்பு வட்டு: கணினியைப் பென் டிரைவிலுள்ள வேறோர் இயங்குதளத்தில் தொடங்கி வருடல் செய்தல். வன்தட்டிலுள்ள விண்டோஸ் அப்போது இயங்காததால், ஒளிந்திருக்கும் தீய நிரல் தன்னை மறைத்துக்கொள்ள இயலாது.

ஏற்கனவே இரண்டு நிறுவப்பட்டிருப்பின்

1. முதன்மையான கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடுத்துக்கொள்ளவேண்டும்.
2. எதனை வைத்துக்கொள்வது என முடிவு செய்யவேண்டும். உரிமக் காலம் முடிந்து, இற்றைப்படுத்தல் பெறாத மென்பொருளையே முதலில் நீக்கவேண்டும்.
3. கட்டுப்பாட்டகம் அல்லது அமைப்புகள் வழியாக முறைப்படி நீக்கவேண்டும். கோப்புறையை மட்டும் அழித்தால் கருனி இயக்கிகள் எஞ்சிவிடும்.
4. கணினியை மறுதொடக்கம் செய்து, அந்நிறுவனமே வழங்கும் நீக்கற் கருவி இருப்பின் அதனையும் இயக்கவேண்டும். கணினி உறைந்துபோகுமாயின் இப்பணியைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) செய்யலாம்.
5. எஞ்சியுள்ள மென்பொருளை இற்றைப்படுத்தி, நிகழ்நேரப் பாதுகாப்பு செயலில் உள்ளதா எனப் பார்க்கவேண்டும். இதற்கெனவே உருவாக்கப்பட்ட ஐகார் சோதனைக் கோப்பு 68 எழுத்துருக்களைக் கொண்டது, தீங்கற்றது. அதனைச் சேமிக்க முயலும்போது எச்சரிக்கை தோன்றினால் காவல் நடைபெறுகிறது எனக் கொள்ளலாம்.

வரம்புகள்

“கணினி வைரஸ்” என்ற சொல்லைக் கல்வியுலகில் நிலைபெறச் செய்த பிரெட் கோகன், எல்லா நச்சுநிரல்களையும் பிழையின்றிக் கண்டறியும் படிமுறைத் தீர்வு இருக்க முடியாது என்பதை 1980களிலேயே நிறுவினார். எனவே எத்தனை மென்பொருள்களை நிறுவினாலும் முழுமையான பாதுகாப்புக் கிட்டாது.

இயங்குதளத்தின் இற்றைப்படுத்தல்கள் நின்றுபோன குறையையும் இரண்டாவது மென்பொருளால் ஈடுசெய்ய முடியாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் பொதுவான ஆதரவு முடிவுற்றது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்கள் தாக்கினால், நச்சுநிரலை நீக்கினாலும் பூட்டப்பட்ட குடும்பப் படங்களும் மாணவரின் ஆய்வேடும் தாமாகத் திரும்புவதில்லை. கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட படி ஒன்றே அவற்றை மீட்டுத் தரும். ஆகவே வீட்டுக் கணினிக்கு இரண்டாம் அரண் தேடுவோர், இரண்டாவது நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளைக் காட்டிலும் ஒரு வெளி வன்தட்டையும் அதில் கோப்புகளைத் தவறாமல் படியெடுக்கும் வழக்கத்தையும் கொள்வது கூடுதல் பயன் தரும்.