தேருக்கு ஒரு கூரை

காஞ்சிபுரம் காந்தி சாலைத் தேரடியில் வரதராஜப் பெருமாளின் தேர் நிற்கிறது. வைகாசி பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள் அது வீதி வலம் வரும். மற்ற நாளெல்லாம் அதற்குக் கூரைதான் துணை.

விழா முடிந்ததும் மூங்கில் சட்டமும் தேர்ச்சீலையும் இறக்கப்படும். மிஞ்சுவது சிற்பம் செறிந்த மரத்தட்டுகள். அக்னி நட்சத்திரத்தில் வறண்டு, ஐப்பசி மழையில் ஊறி, மறுபடி வறண்டால் இலுப்பையும் தேக்கும்கூட வெடிக்கும். வெயில் ஏறுமுன் பட்டுப் பாவைத் தெருவில் விரித்து வேலையை முடிக்கும் நெசவாளர்களின் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய வழி கீற்றுக் கொட்டகை. வெப்பத்தைத் தடுக்கும், காற்றை விடும். ஆனால் தீப்பொறி ஒன்று போதும். மரத்தேருக்குத் தீ எத்தகைய எதிரி என்பதை 1926-இல் திருவாரூர் ஆழித்தேர் எரிந்தபோது தமிழகம் கண்டது.

பிறகு தகரம் வந்தது. லண்டன் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829-இல் காப்புரிமை பெற்ற நெளிதகடு, பின்னாளில் துத்தநாகப் பூச்சோடு உலகெங்கும் பரவி, நம் தேரடிகளையும் அடைந்தது. மழைக்கு நல்ல காவல். சித்திரை வெயிலிலோ உள்ளே அடுப்படிச் சூடு. நாலு பக்கமும் தகரம் அடைத்ததில், தச்சர்கள் இழைத்த சிற்பங்கள் ஆண்டு முழுவதும் மறைந்தே கிடந்தன. அது பெரிய இழப்பு.

இப்போது பல கோயில்கள் ஒளி ஊடுருவும் தகடுகளுக்கு மாறியிருக்கின்றன. சிற்பம் தெரிகிறது, மகிழ்ச்சி. ஆனால் வெயிலும் நுழைகிறது. உள்ளே தேங்கும் சூடு வெளியேற மேல்விளிம்பில் காற்றுவழி விட்டாக வேண்டும். உச்சிக்கு ஒளி புகாத கூரையும், பக்கங்களுக்கு மட்டும் கண்ணாடித் தகடும் வைப்பதே மரத்துக்கு நல்லது.