வழிப்பறியில் ஆயுதம் எது?

திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 33ஆம் வசனம் பூமியில் குழப்பம் விளைவிப்போருக்குரிய தண்டனைகளைக் கூறுகிறது. வழிப்பறிச் சட்டத்தை ஃபுகஹாக்கள் இவ்வசனத்தின் மீதே எழுப்பினர். மாறுகை மாறுகால் துண்டிப்பும் மரண தண்டனையும் இதில் அடங்குவதால், கொள்ளையன் ஏந்தியது ஆயுதமா அன்றா என்னும் வினா உயிரும் உறுப்பும் சார்ந்ததாயிற்று.

தடியும் கல்லும் கொண்டு வழிமறிப்போரும் இக்குற்றத்திற்குரியோரே என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தென்றும், அவர்களிடம் ஆயுதமில்லை என இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) மறுத்தார்கள் என்றும் இப்னு குதாமா (ஹி. 620) 'அல்முக்னீ'யில் எழுதுகிறார். ஆனால் ஹனஃபி அறிஞர் காஸானீ (ஹி. 587) வாளாயினும் தடியாயினும் சமமே என்கிறார். ஒரு மத்ஹபின் கருத்தை அதன் சொந்த நூலில் பார்ப்பதே முறை என்று மாணவர்களுக்கு நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் பார்வை இன்னும் நுட்பமானது. ஊருக்குள் பகலில் தாக்கினால் ஆயுதம் வேண்டும். இரவிலாயின் மரத்தடியே போதும். ஆயுதம் அவகாசம் தராது. இரவில் உதவி தாமதமாகவே வரும். அதாவது, பொருளின் கூர்மையை மட்டுமன்றி, தாக்கப்பட்டவனின் நிராதரவையும் அவர்கள் அளந்தார்கள்.

சாதாரணக் கொலையில் கிஸாஸுக்குக் கூரிய கருவி வேண்டும் என்பதே இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. வழிப்பறிக் கொலையிலோ தடி, கல், வாள் மூன்றும் ஒன்றே என 'ஹிதாயா' உரைக்கிறது. வங்காளத்தில் கார்ன்வாலிஸ் 1790இல் கொலை வழக்குகளில் கருவியை விடுத்து நோக்கத்தையே கொள்ளுமாறு ஆணையிட்டார். அதற்கு அவர் ஆதாரமாகக் காட்டியதும் இமாமின் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்தையே. ஆங்கிலேயர் புதிதாகக் கண்டது போல் இதனை எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கொள்ளையில் கொடிய ஆயுதம் பயன்படுத்துவோருக்கு 397ஆம் பிரிவில் ஏழாண்டுக்குக் குறையாத சிறையை விதித்தது. கொடிய ஆயுதம் எதுவென வரையறுக்கவில்லை. கத்தியால் குத்த வேண்டியதில்லை, பறிகொடுப்பவன் கண்டு அஞ்சுமாறு ஏந்தினாலே அது பயன்படுத்தியதாகும் என உச்ச நீதிமன்றம் 1975இல் ஃபூல் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 311ஆம் பிரிவிலும் அவ்வரையறை இல்லை. தடியின் கனத்தையும் அது கையாளப்பட்ட விதத்தையும் நீதிபதியே எடைபோட வேண்டியிருக்கிறது.