மீன்தூள் இல்லாத தீவனமும் குளத்தின் பங்கும்

வனாமி இறால் தீவனத்தில் மீன்தூள் குறைந்துவந்த வரலாற்றில், அமாயா, டேவிஸ், ரௌஸ் மூவரும் 2007இல் வெளியிட்ட அலபாமா குளச் சோதனையை ஒரு திருப்புமுனையாக வைப்பது எளிது. மீன்தூள் 9, 6, 3, 0 சதவீதம் என நான்கு தீவனங்கள். நான்கிலும் புரதம் 35 சதவீதம். வளர்ப்பு 18 வாரம். அறுவடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே மீன்தூளை அடியோடு நீக்கலாம் என்றார்கள். சோதனையில் குறை காண நான் வரவில்லை. அது எதற்குச் சான்று என்பதில்தான் உடன்பாடில்லை.

அந்த நான்கு தீவனங்களிலும் கோழிக்கழிவுத் தூள் 16 சதவீதம் இருந்தது. மீன்தூள் இறங்க இறங்கச் சோயாப் புண்ணாக்கு ஏறியது இந்த விலங்குப் புரதத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டுதான். டேவிஸ் 2000இல் ஆர்னால்டுடன் சேர்ந்து மீன்தூளில் 80 சதவீதம்வரை மாற்றிக் காட்டியபோதும், மாற்றாக வந்த பொருட்களில் ஒன்று சோயாவோடு கோழிக்கழிவும் முட்டையும் சேர்ந்தது, இன்னொன்று கோழிக்கழிவே. இவற்றைத் தாவரப் புரதத்தின் வெற்றி என்று வாசிக்க இடமில்லை. தொடங்கிய புள்ளியும் கவனிக்கத்தக்கது. டேக்கன், மெட்டியன் மதிப்பீட்டில் இறால் தீவனத்தின் சராசரி மீன்தூள் 1995இல் 28 சதவீதம், 2006இல் 20. அலபாமாவில் ஏணியின் கடைசிப் படிகள் மட்டுமே சோதிக்கப்பட்டன.

அந்த வாசிப்புக்கு இதைவிடக் கனமான தடை 1987இல் ஆண்டர்சன், பார்க்கர், லாரன்ஸ் எழுதிய கட்டுரையில் கிடக்கிறது. கார்பன்-13க்கும் கார்பன்-12க்கும் உள்ள விகிதம் தீவனத்தில் ஒன்றாகவும் குளத்து உயிரிகளில் வேறாகவும் இருக்கும். இறாலின் சதையில் அந்த விகிதத்தை அளந்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கலாம். அப்படிப் பிரித்ததில், வளர்ச்சிக்கான கார்பனில் 53 முதல் 77 சதவீதம்வரை குளத்து உயிரிகளிடமிருந்து வந்திருந்தது. வீச்சு அகலமானதுதான். ஆனால் கீழ் எல்லையை எடுத்தாலும் பாதிக்கு மேல் தீவனப் பையிலிருந்து வந்ததல்ல.

அப்படியானால் அலபாமாவில் நான்கு தீவனங்களும் சமமாக நின்றதற்கு இன்னொரு விளக்கம் உண்டு: நான்கின் குறையையும் குளமே நிரப்பியிருக்கலாம். சமநிலை முடிவு ஒன்று, தீவனங்கள் சமம் என்பதற்கும் அவற்றின் வேறுபாடு குளத்தில் தெரியாது என்பதற்கும் ஒரே அளவு இடம் தருகிறது.

இங்கே என் சான்று மெலிவு என்பதை மறைப்பதற்கில்லை. 1987இன் எண்களை வேறு அடர்த்தி, வேறு நீர் மேலாண்மை கொண்ட குளங்களுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. அளக்கப்பட்டது கார்பன், சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் அல்ல, கொலஸ்ட்ராலும் அல்ல. ஆயினும் இறால் தன் உடலில் கொலஸ்ட்ரால் உள்ளிட்ட ஸ்டீரால்களை ஆக்கிக்கொள்ளாது என்பதை ஆய்வாளர் கனசாவாவின் குழு 1970களின் தொடக்கத்திலேயே நிறுவியது. மீன்தூள் கொண்டுவந்த கொலஸ்ட்ராலைச் சோயா கொண்டுவராது. கோழிக்கழிவு கொஞ்சம் தரும், குளத்து விலங்கு மிதவைகளும் தரும். இவ்விரண்டையும் கணக்கில் எடுக்காமல் மீன்தூளின் இடத்தைச் சோயா பிடித்தது என்று எழுதுவது அவசரம்.

குளமும் இறாலுக்கு உணவூட்டும் என்பது பண்ணையாளர்களுக்குப் புதிதல்ல. இந்தியாவில் 2009இல் வனாமி அனுமதிக்கப்பட்ட பின், தவிட்டை வெல்லத்தோடும் ஈஸ்டோடும் ஊறவைத்துக் குளத்தில் ஊற்றி 'தண்ணி கலர்', அதாவது குளத்து உயிரிகளின் பெருக்கம், கொண்டுவருவது கிழக்குக் கரையில் பரவலான வழக்கம். அந்தத் தவிடும் ஒரு மாற்றுத் தீவனப் பொருள்தான். ஆனால் குளத்தில் ஊற்றிய அந்த அளவு எந்தத் தீவனச் சூத்திரத்திலும் ஏறுவதில்லை.

ஆகவே மீன்தூள் எந்த ஆண்டில் முதன்மை இழந்தது என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. பையின் மேல் அச்சிட்ட சூத்திரத்தைப் பார்த்தால் ஓர் ஆண்டு வரும், இறாலின் சதையைப் பார்த்தால் அதற்கு வெகு முன்னதாகவே போக வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் விரித்து, நீரைத் தெளிவாக வைத்து, அதே நான்கு மீன்தூள் அளவுகளில், ஆனால் கோழிக்கழிவு சேர்க்காத தீவனங்களைப் போட்டு, 1987இன் முறையில் சதையை அளந்தால்தான் டேவிஸ் குழுவின் வாசிப்பா, இங்கே வைத்ததா என்பது தெரியும்.