தூண்டில் ஓய்வெடுக்கும் மாதங்கள்: குளிர்காலத்தில் பிரித்தானிய ஆறுகள்

ஸ்கொட்லாந்து ஆறுகளில் பழுப்பு ட்ரவுட் மீன் பிடிக்கும் பருவம் மார்ச் 15ஆம் திகதி தொடங்கி ஒக்டோபர் 6ஆம் திகதி முடிகிறது. எஞ்சிய ஐந்து மாதங்களும் அந்த மீனைப் பிடிப்பது சட்டவிரோதமாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திகதிகள் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறினாலும் நடைமுறை ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் நுவரெலியாவின் குளிர் ஓடைகளுக்குக் கொண்டுவந்து விட்டதும் இதே ட்ரவுட் மீனைத்தான்.

மாரியில் கடல் கொந்தளிக்கும்போது கரையிலிருந்து வலை பொத்தும் மீனவர்களை நாம் அறிவோம். அவர்களைத் தடுப்பது காற்றும் அலையும். பிரித்தானியத் தூண்டிற்காரரை ஒக்டோபரில் கரையேற்றுவது மீனின் இனப்பெருக்கம். அங்கு குடியேறி இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கூழாங்கற்களுக்கு அடியில்

ட்ரவுட்டும் சல்மனும் பெரும்பாலும் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் முட்டையிடுகின்றன. பெண் மீன் ஆழமற்ற, நீரோட்டமுள்ள இடமொன்றைத் தெரிவுசெய்து, வாலால் அடித்துக் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறிக்கும். முட்டைகளை இட்டபின் மேற்புறமாக மீண்டும் கிளறி, அவற்றைக் கற்களால் மூடிவிடும். இந்த முட்டைப் படுக்கையை 'ரெட்' என்கிறார்கள்.

கரையில் நின்று பார்த்தாலே அதை அடையாளம் காணலாம். பாசி படிந்த ஆற்றுப்படுக்கையின் நடுவே கழுவிவிட்டதுபோல் வெளிறிய ஒரு திட்டு தெரியும். அதன் மேற்பக்கம் பள்ளமாகவும், நீரோட்டம் போகும் திசையில் சிறு மேடாகவும் இருக்கும். முட்டைகள் இருப்பது அந்த மேட்டுக்குள்.

முட்டை பொரிக்கும் காலத்தை நீரின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. 10 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 40 நாட்கள் எடுக்கும் ட்ரவுட் முட்டை, 5 பாகையில் 80 நாட்கள்வரை எடுக்கும். பொரித்த குஞ்சுகளும் உடனே வெளியே வருவதில்லை. வயிற்றோடு ஒட்டிய கருவூண் பையில் உள்ள உணவு தீரும்வரை சில வாரங்கள் கற்களுக்கிடையிலேயே தங்கும். குளிர்காலம் முழுவதும் அந்தக் கற்களின்மீது மனிதரோ நாயோ நடந்தால் முட்டைகளும் குஞ்சுகளும் நசுங்கிப்போகும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதல் வேலை உபகரணங்களைப் பார்ப்பது. ரீலைக் கழுவி, உலர்த்தி, அதன் இறுக்கத்தைத் தளர்த்தி வைக்க வேண்டும். ஆற்றில் இறங்கும்போது அணியும் நீர்புகாக் காற்சட்டையில் துளை இருக்கிறதா என்று அறிய, இருட்டறையில் அதற்குள் டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்ப்பார்கள். நன்றாகக் கழுவி உலர்த்துவதில் இன்னொரு காரணமும் உண்டு. ஈரமான உடையும் வலையும் அந்நிய உயிரினங்களை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும்.

அடுத்தது செயற்கைப் பூச்சி கட்டுவது. ட்ரவுட் தூண்டிலில் புழுவுக்குப் பதிலாக, நீர்ப்பூச்சிபோல இறகாலும் நூலாலும் கட்டிய கொக்கியைப் பயன்படுத்துவோர் பலர். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராகப் பல தசாப்தங்கள் பணியாற்றிய ஃபிராங் சோயர் உருவாக்கிய பூச்சி இன்றும் பலராலும் கட்டப்படுகிறது. பெசன்ட் பறவையின் வால் இறகும் மெல்லிய செப்புக் கம்பியும் மட்டுமே அதற்குத் தேவை. நூலின் வேலையையும் கம்பியே செய்கிறது. அதன் பாரமே பூச்சியை நீருக்குள் அமிழ்த்துகிறது. புதிதாகப் பழகுபவர் தொடங்குவதற்கு ஏற்ற மாதிரி இது.

ஆற்றங்கரையில் செய்யக்கூடியவை

இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே ஆறு முழுதாகத் தெரிவது குளிர்காலத்தில்தான். எங்கே மடு, எங்கே விழுந்த மரம், வெள்ளம் எந்தக் கரையை அரித்தது என்று குறித்துவைத்தால் மார்ச் மாதத்தில் உதவும். பல ஆறுகளில் தொண்டர்கள் கரையோரமாக நடந்து முட்டைப் படுக்கைகளை எண்ணிப் பதிவுசெய்கிறார்கள்.

நீர்ப்பூச்சிக் கணக்கெடுப்பும் நடக்கிறது. பயிற்சி பெற்ற தூண்டிற்காரர் ஒருவர் வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் ஆற்றுப்படுக்கையை மூன்று நிமிடங்கள் காலால் கிளறுவார். வலையில் சேரும் எட்டு வகை நீருயிர்களை எண்ணுவார். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், மாசு கலந்திருக்கலாம் என்று சுற்றாடல் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படும். இதைச் செய்பவரும் முட்டைப் படுக்கைகளை விலக்கியே கால் வைக்க வேண்டும்.

தூண்டில் போட்டே தீரவேண்டும் என்பவர்களுக்கு கிரேலிங் இருக்கிறது. ட்ரவுட்டின் உறவான இந்த மீன் வசந்தத்தில் முட்டையிடுவதால், இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளில் மார்ச் 14 வரை பிடிக்க அனுமதி உண்டு. தூண்டிலில் தவறிச் சிக்கும் ட்ரவுட்டை உடனே நீரில் விட்டுவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்?

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2023 டிசெம்பரில் அத்திலாந்திக் சல்மனின் நிலையை மறுமதிப்பீடு செய்தது. 2006 முதல் 2020 வரை உலகளவில் அதன் தொகை 23 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய பிரித்தானியாவில் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது.

காரணங்கள் பல. அணைகள் மீனின் பயணத்தை மறிக்கின்றன. வயல்களிலிருந்து வழிந்துவரும் சேறு கற்களின் இடைவெளியை அடைத்து முட்டைகளுக்கு ஒட்சிசன் கிடைக்காமல் செய்கிறது. கடும் வெள்ளம் படுக்கைகளையே பெயர்த்துச் செல்கிறது. இவற்றைத் தூண்டிற்காரர் தனியே நிறுத்திவிட முடியாது. ஆனால் நவம்பரில் வெளிறிய கற்திட்டு ஒன்றைக் கண்டால் சுற்றிப்போவதும், சேறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அறிவிப்பதும் அவர் கையில் இருக்கிறது. மூடிய பருவத்திலும் ஆற்றங்கரைக்குப் போகிறவரின் கண்ணில்தான் அவை படும்.