ஐந்து சென்ட் பாக்கி (எல்லை தாண்டாத பாட்டு – 9)

இசை இதழ் நடத்திய வால்ட் கிரீலிஸ், அவருடைய கூட்டாளி ஸ்டான் க்ளீஸ், ஒலிபரப்பு ஆணையத் தலைவர் பியேர் ஜூனோ மூவரும் இந்தத் தொடரில் களத்துக்கு வந்துவிட்டார்கள். இனி 1971 ஜனவரி 18 மட்டும்தான் பாக்கி. கனடாவின் ஏ.எம். வானொலிகள் போடும் பாட்டுகளில் நூற்றுக்கு முப்பது கனடாப் பாட்டாக இருந்தே தீர வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்த நாள் அது. ஆனால் அந்த விதி யாருக்காக வந்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் அதற்குள் நுழைவதில் எனக்குச் சம்மதமில்லை. அதன் பலனை அள்ளிக்கொண்டவர்களில் பலர் பிறகு அமெரிக்காவில் வீடு வாங்கினார்கள். ஒருவர் கடைசிவரை போகவில்லை. முதலில் அவரைப் பார்த்துவிடுவோம்.

1964. டொரன்டோவில் கிரீலிஸ் தன் ஆர்.பி.எம். இசை இதழைத் தொடங்கிய அதே ஆண்டு. வடக்கே வெகு தொலைவில் டிம்மின்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊர். அங்கே மேப்பிள் லீஃப் ஹோட்டலின் மதுக்கூடத்தில் 28 வயது நாடோடி ஒருவர் பீருக்குச் சில்லறை எண்ணிப் பார்த்தார். ஐந்து சென்ட் குறைந்தது. தோளில் கிட்டார் இருந்ததைப் பார்த்த பார் ஊழியர், சில பாட்டுகள் பாடினால் பீர் தருவதாகச் சொன்னார். பாடினார். கேட்டவர்கள் விடவில்லை, ஹோட்டலும் விடவில்லை. ஒரு கோப்பை பீருக்குப் பாட வந்தவர் 14 மாதம் அங்கேயே பாடினார். உள்ளூர் வானொலி வாராவாரம் நேரம் கொடுத்தது, சின்னச் சின்ன இசைத்தட்டுகளும் வெளிவந்தன.

சார்லஸ் தாமஸ் கானர்ஸ் என்பது அவருடைய முழுப்பெயர். 1936-ல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில், மணமாகாத இளம் தாய்க்குப் பிறந்தவர். நடக்கத் தெரிந்த வயதிலேயே தாயோடு சாலையோரம் நின்று கைகாட்டி வண்டி ஏறியிருக்கிறார், தெருவில் பிச்சையும் எடுத்திருக்கிறார். பிறகு குழந்தைகள் நலச் சங்கம் அவரைத் தாயிடமிருந்து பிரித்தது. பிரின்ஸ் எட்வர்டு தீவில் ஸ்கின்னர்ஸ் பாண்ட் என்ற கடலோரக் கிராமத்துக் குடும்பம் ஒன்று தத்தெடுத்தது. அங்கே ஒட்டவில்லை. 13 வயதில் ஓடினார். அதற்குப் பின் ஏறத்தாழ டிம்மின்ஸ் வரைக்கும் சாலைதான் அவருக்கு வீடு. புகையிலைத் தோட்டத்தில் இலை பறித்தார், கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தார், இரவில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே படுத்தார். நாட்டின் ஒரு கடலிலிருந்து மறு கடல் வரை அவர் தெரிந்துகொண்டதெல்லாம் லாரி ஓட்டுநர்களின் பேச்சிலிருந்தும் கூலிக்காரர்களின் கைகளிலிருந்தும்தான். கனடாவை இப்படிப் படித்த பாடகர் இன்னொருவர் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மதுக்கூடத்தில் பாடுவது லேசான காரியம் அல்ல. பாட்டில்களும் நாற்காலிகளும் போடும் சத்தம், சுரங்க வேலை முடிந்து வந்தவர்களின் கூச்சல். தாளக்காரர் வைத்துக்கொள்ளப் பணமில்லை. கானர்ஸ் தன் இடதுகால் பூட்ஸால் தரையை ஓங்கி மிதித்துத் தாளம் போட்டார். தரைவிரிப்புகள் கிழிந்தன, முதலாளிகள் முகம் சுளித்தார்கள். அதற்குப் பிறகு ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைக் காலடியில் போட்டுக்கொண்டு அதன்மேல் மிதித்தார். பாட்டு முடிவதற்குள் பலகையிலிருந்து தூள் பறக்கும். 1967 ஜூலை 1, கனடா கூட்டாட்சியின் நூறாவது பிறந்தநாள். பீட்டர்பரோ நகரில் கிங் ஜார்ஜ் மதுக்கூடத்தின் பரிசாரகர் அவரை மேடைக்கு அழைக்கும்போது ‘ஸ்டாம்பின் டாம்’ என்று அறிவித்தார். மிதிக்கும் டாம். தேசத்தின் நூற்றாண்டு நாளில் ஒரு பரிசாரகர் வைத்த பெயர் அது. எந்த அரசு விருதையும்விட உயர்ந்த பட்டம் என்றே அதை நான் கருதுகிறேன்.

அவர் என்ன பாடினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சட்பரியில் நிக்கல் சுரங்கத் தொழிலாளிகள் சனிக்கிழமை இரவை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பாடினார். தீவின் உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு டொரன்டோவுக்கு விரையும் லாரிக்காரரைப் பற்றிப் பாடினார். ‘பட் தி ஸ்பட்’ என்ற அந்தப் பாட்டுதான் அவரை நாடறியச் செய்தது. தான் கூலி வேலை செய்த டில்சன்பர்க் புகையிலை வயல்களைப் பாடினார். 1963 பிப்ரவரியில் கபுஸ்கேசிங் அருகே ரீசர் என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த மரம்வெட்டும் தொழிலாளர்களுக்கும் அங்கே குடியேறி மரம் விற்றுவந்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் துப்பாக்கி வெடித்தது. மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டுப் பேர் காயப்பட்டார்கள். இரு தரப்பும் ஏழைகள். அதை அந்த வட்டாரத்தில் வாய்விட்டுப் பேசவே தயங்கிய காலத்தில் கானர்ஸ் பாட்டாக்கினார். டெக்சாஸையும் டென்னசியையும் பாடினால்தான் நாட்டுப்புறப் பாட்டு என்று கனடாப் பாடகர்களே நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

பாடகர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த நம்பிக்கையை விதைத்தவர்கள் வானொலி நிலையங்களில் உட்கார்ந்திருந்தார்கள். வின்னிபெக் இளைஞர்கள் 1965-ல் பதிவுசெய்த ஒரு பாட்டை, பாடியவர் பெயரைப் போடாமல் ‘யாரென்று சொல்லுங்கள்’ என்ற பொருளில் ‘கெஸ் ஹூ?’ என்று அச்சிட்டு நிலையங்களுக்கு அனுப்பியது இசைத்தட்டு நிறுவனம். ஏதோ பிரிட்டிஷ் குழு என்று நினைத்தாவது போடுவார்கள் என்ற எண்ணம். போட்டார்கள்! கடைசியில் அந்தக் கேள்வியே குழுவுக்குப் பெயராக நிலைத்தது. அதே குழுவின் ‘அமெரிக்கன் வுமன்’ 1970 மே மாதத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பிறகுதான் சொந்த நாட்டுப் பெரிய மனிதர்கள் மார்தட்டினார்கள். விதி வந்த பிறகும் பல நிலையங்கள் கனடாப் பாட்டுகளை ஒன்றாகக் கட்டி, ஆள் கேட்காத நேரத்தில் போட்டுத் தீர்த்தன. கனடாவின் தேசிய விலங்கை வைத்து ‘பீவர் நேரம்’ என்று இசைத்துறையினர் அதற்குப் பெயரே வைத்தார்கள். சொந்த மக்களின் குரலைக் கழிவுச்சரக்காக நடத்திய அந்த நிர்வாகிகள்தான் இந்தக் கதையின் வில்லன்கள். வியாபார நிர்பந்தம் என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை.

அந்த நிர்வாகிகளுக்காகக் கானர்ஸ் காத்திருக்கவில்லை. 1971-ல் கூட்டாளியோடு சேர்ந்து பூட் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். தன் பாட்டுகளை மட்டும் விற்கவில்லை. கிட்டார் கலைஞர் லியோனா பாய்டு, கனேடியன் பிராஸ் குழு ஆகியோரின் முதல் இசைத்தட்டுகள் அங்கிருந்துதான் வந்தன. டொரன்டோவின் ஹார்ஸ்ஷூ மதுக்கூடத்தில் தொடர்ந்து 25 இரவுகள் பாடினார். 1973 நவம்பரில் அவருடைய கல்யாணமே கனடாவின் பொதுத்துறைத் தொலைக்காட்சியான சி.பி.சி.யில் நேரலையாகப் போனது. ‘தி ஹாக்கி சாங்’ அதே ஆண்டு வந்தது. பின்னாளில் கனடாவின் ஹாக்கி அரங்குகள் அதைத் தங்கள் கீதமாகவே ஆக்கிக்கொண்டன. 1971 முதல் 1975 வரை வரிசையாகக் கனடா இசைத்துறையின் ஜூனோ விருதுகள், மொத்தம் ஆறு.

அந்த ஆறையும் 1978-ல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோபம் ஒரே விஷயத்தில்தான். அமெரிக்காவில் குடியிருந்து, அமெரிக்காவில் பிழைத்து, விருது நாளுக்கு மட்டும் எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு ஜூனோ போகக் கூடாது. கனடாவில் வாழ்ந்து, தொழிலைக் கனடாவிலேயே நடத்தி, சொந்த நாட்டில் பெயர் எடுக்கப் பாடுபடுகிறவர்களுக்கே அது உரியது. இதை அறிக்கையாக எழுதி விருதுகளோடு அனுப்பினார். இனித் தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு மேடையையே விட்டு விலகினார். பிடிவாதக்காரர், விளம்பரத்துக்குச் செய்கிறார் என்று பேசியவர்கள் உண்டு. விளம்பரம் வேண்டியவர் புகழின் உச்சத்தில் பத்தாண்டு காலம் வாய்மூடி இருப்பாரா? 1988-ல்தான் புதிய இசைத்தட்டோடு திரும்பினார். 1990-ல் நாடு சுற்றிப் பாடியபோது, அவர் விலகிய காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள் அரங்குகளை நிறைத்தார்கள்.

அவருடைய அளவுகோல் சிலருக்குக் கடுமையானது என்பது உண்மை. நீல் யங்கும் ஜோனி மிட்செலும் 1960-களில் கலிஃபோர்னியா போகாமல் இருந்திருந்தால் அவர்களை அன்றைய வானொலி வளரவிட்டிருக்குமா என்பது சந்தேகமே. கானர்ஸுக்கு வாழ்வு கொடுத்த அதே டிம்மின்ஸில் வளர்ந்த ஷனாயா ட்வைன், அமெரிக்காவின் நாஷ்வில் போய்த்தான் உலகை வென்றார். அவர்களை நான் துரோகிகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனவர்களுக்கு உலகம் பரிசு கொடுத்தது. இருந்தவர்களுக்குக் கொடுக்க கனடாவிடம் ஒரு ஜூனோதான் இருந்தது. அதையும் போனவர்களுக்கே கொடுப்பானேன் என்று கானர்ஸ் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விருதுக்குழு நேர்மையான பதில் சொல்லவில்லை என்பதே என் தீர்ப்பு.

1996-ல் அவருக்கு ‘ஆர்டர் ஆஃப் கனடா’ என்ற நாட்டின் உயர் விருது கிடைத்தது. 2013 மார்ச் 6-ல் ஒன்டாரியோவில் தன் வீட்டில், 77-ஆம் வயதில் காலமானார். திருப்பிக் கொடுத்த ஜூனோக்களை அவர் மறுபடி வாங்கவே இல்லை.

2009-ல் கனடா அஞ்சல்துறை இசைக்கலைஞர்களுக்கு வெளியிட்ட தபால்தலை வரிசையில் கானர்ஸுடன் பிரையன் ஆடம்ஸும் இருந்தார். 1991-ல் உலகமே பாடிய ஆடம்ஸின் இசைத்தட்டைக் கனடாப் பாட்டு அல்ல என்று அதே முப்பது சதவீத விதியின் கணக்கு தள்ளிவைத்தது. விதி பிறந்த கதையும், அது தன் பிள்ளையையே வெளியே நிறுத்திய கதையும் அடுத்த வாரம்.